குதிரையின் பின்னால் உட்கார்ந்தவள்

வெள்ளகோவில் பக்கத்து வறண்ட காட்டிலிருந்து மாற்று வேட்டிகூட இல்லாமல் வந்து, கோயமுத்தூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரி போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. கரண்ட் தரமாட்டோம் என்றார்கள், வாங்கினேன். பாறை என்று எல்லோரும் விட்டுப்போன இடத்தில் கொட்டகை எழுப்பினேன். தாராபுரம் பக்கம் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் நான் வார்த்த பம்ப் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். வார்ப்புக்கு வேண்டிய மர அச்சையும் நானேதான் செதுக்குவேன். யாரும் சொல்லித்தந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நார்வேக்காரர் ஒருவர், ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தில் வைக்கிற சிலைகளை விற்கும் கம்பெனி அவருடையதாம், இரும்பில் ஒன்று வேண்டுமாம். அவர் கொண்டுவந்த படத்தில், இறகு வைத்த தலைக்கவசமும் ஈட்டியுமாக ஒரு பெண் குதிரைமேல் போகிறாள். பின்னால் செத்த வீரன் ஒருவன் மூட்டைபோலக் கிடக்கிறான். அவளுக்கு வால்கைரி என்று பேராம். போர்க்களத்தில் விழுந்தவர்களில் யாரை எடுத்துப்போவது என்று அவளே முடிவு செய்து, அந்த நாட்டுப் பழைய சாமியின் மாளிகைக்குக் கொண்டுபோய் விருந்துக்கு உட்காரவைப்பாளாம்.

குதிரை சரியாக அமையவேண்டும் என்று அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கே போய்ப் பார்த்துவந்து அச்சைச் செதுக்கினேன்.

அப்போது என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் கைவிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்தவளுக்குப் படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன்.

"ஏனுங்க, இவ நம்மூருப் பக்கமெல்லாம் வருவாளாங்க?"

"சண்டையில செத்தவங்களுக்குத்தான் வருவாளாமா, அம்மணி."

"உங்ககூட இத்தன வருசம் குடும்பம் நடத்தியிருக்கறனே, அது சண்டையில சேராதுங்களா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்த வீரன்மேல் விரலை வைத்தாள்.

"என்னைய இப்படிப் போட்டுத் தூக்கிட்டுப் போக வேண்டாம்னு சொல்லுங்க. நா உக்காந்தே வாரேன்."

ஐப்பசி மழையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்து பட்டறைக்குள் போனவன், செதுக்கி வைத்திருந்த வீரனை உளியால் எடுத்துப்போட்டேன். அந்த இடத்தில் சேலை கட்டிய ஒருத்தியை உட்காரவைத்தேன். என் மொபெட்டில் அவள் வருவதுபோலவே, இரண்டு காலும் ஒரு பக்கம் தொங்க, ஒரு கை முன்னால் இருப்பவள் தோளில். முகத்துக்கு வந்தபோது கை ஓடவில்லை. இரும்பைக் குழம்பாக்கிய கை அது. முகத்தை வால்கைரியின் முதுகில் சாய்த்துவிட்டேன்.

வார்த்த சிலையைப் பார்க்க நார்வேக்காரர் வந்தார். ரொம்ப நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"செத்த வீரன் எங்கேன்னு கேக்கறாருங்க" என்றார் ஏஜெண்டு.

"பின்னாடி உக்காந்திருக்கறாளே, அவதான்னு சொல்லுங்க."

ஏஜெண்டு அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. இப்படியே இன்னும் வேண்டும் என்று சொல்லிப் போனார் அந்த மனிதர்.

பிறகு அவர்கள் கம்பெனிப் புத்தகத்தில் சிலையின் படம் வந்தது. அவர்கள் ஊர்ச் சிற்பி ஒருவரின் புதுக் கற்பனை என்று கீழே அச்சடித்திருப்பதாக ஏஜெண்டு வாசித்துச் சொன்னார்.

ஈட்டியும் இறகும் அந்தச் சிற்பியுடையதாகவே இருக்கட்டும். குதிரையைக்கூட விட்டுத்தருகிறேன். பின்னால் இருப்பவள் என் பெண்சாதி. அவளைக் கிடத்தாமல் உட்காரவைத்து அனுப்பியவன் நான். அதை அந்தப் படத்துக்குக் கீழேயே போட்டாக வேண்டும்.