லிஃப்ட்காரரின் பகா எண்

பத்து மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ஓட்டுகிற அவருக்கு அங்கே வைத்த பெயர் வாய்ப்பாடு. கேலிக்கு வைத்ததுதான், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே லிஃப்டின் எண் பொறித்த தகடு: 829348951. இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தொன்பது, ஆகவே மூன்றால் வகுபடாது. ஐந்து, ஏழு, பதினொன்று எதன் பாச்சாவும் அதனிடம் பலிக்கவில்லை. எதனாலும் வகுபடாத பகா எண்தான் இது என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார்.

அதை நிரூபிக்க, அதன் வர்க்கமூலமான 28,798 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். மூவாயிரத்துச் சொச்சம். கால்குலேட்டர் அவருக்கு வேப்பங்காய். நாளுக்கு ஒன்று என்று கையாலேயே ஆரம்பித்தார்.

அந்த வருஷம்தான், வீட்டில் துணி தைத்துக் கொடுக்கும் மனைவி ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்று கேட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு.

"இத முடிச்சிடறேன். அப்புறம் முழு மனசா அப்பனா இருக்கேன்," என்றார்.

இதெல்லாம் ஒரு பதிலா? வருஷா வருஷம் அவள் கேட்டாள், வருஷா வருஷம் இதையே சொன்னார். கடைசியில் போனபோது, நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று காப்பகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். அதற்குப்பின் அந்த எண் பகா எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. இல்லையென்றால் போன வருஷங்களுக்கு அவளிடம் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

ஒன்பதாம் வருஷம் முடித்தார். ஞாயிறு காலை சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தார். பழைய நோட்டில் அவர் போட்ட கட்டங்கள் இருந்தன. ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுதி, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொன்றின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போக வேண்டும்; அடிபடாமல் மிஞ்சுவது பகா எண். அதில் 7919 அடிபட்டிருந்தது. பதின்மூன்றால் என்று குறிப்பு. சும்மா வகுத்துப் பார்த்தார். மீதி இரண்டு. பதின்மூன்றின் மடங்கு பக்கத்துக் கட்டத்து 7917. அது ஏற்கெனவே மூன்றால் அடிபட்டுக் கிடந்ததால், பேனா ஒரு கட்டம் தள்ளி விழுந்தது கண்ணில் படவே இல்லை. 7919 அசல் பகா எண். அந்த ஒன்றால் மட்டும் அவர் வகுத்துப் பார்க்கவில்லை.

இப்போது வகுத்தார். ஈவு 104729. மீதி பூஜ்யம். மூன்று முறை போட்டும் அதுவேதான்.

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "என்னாச்சுங்க?"

"வகுபடுதும்மா. லிஸ்ட்ல ஒரு நம்பரத் தப்பா அடிச்சிருக்கேன்."

அவள் மெஷினிலிருந்து துணியை உருவி எடுத்தாள். பிறகு, "அடிக்காம இருந்திருந்தா எப்பத் தெரிஞ்சிருக்கும்?" என்றாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷருக்குக் கணக்கில் பொய் வராது.

"அது ஆயிரமாவது நம்பர். மூணாவது வருஷமே தெரிஞ்சிருக்கும்."

அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு விரலை மடக்கி எண்ணினாள். அவர் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

"அப்ப எனக்கு நாப்பத்தொண்ணுகூட ஆகல," என்றாள்.