விரால் மீனும் வள்ளைக்கீரையும்

ரங்கூனில் அம்மாவுக்கு வாய் நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. லான்மடாவில் நாங்கள் குடியிருந்த தெருவில் பர்மியப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டதில் அந்தப் பாஷை எனக்குத் தானாக வந்துவிட்டது. என்னை இடுப்பில் சுமந்து கப்பலிலிருந்து இறங்கிய அம்மாவுக்குத்தான் வரவில்லை. காலையில் அப்பா துறைமுகத்து வேலைக்குப் போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்புவாள். அவள் தமிழில் முணுமுணுப்பாள். நான் பர்மியத்தில் சண்டை போடுவேன். பேரம் படிந்தால் எனக்கு ஒரு துண்டு வெல்லம் கிடைக்கும். அந்த உத்தியோகத்தில் எனக்குப் பெருமை தாங்காது.

ஆனால் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் இருவர் சிலேட்டும் கையுமாகப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பெருமை போன இடம் தெரியவில்லை. நானும் போவேன் என்று தரையில் விழுந்து அழுதேன். அப்பா மறுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்.

"இவ போயிட்டா சந்தையில உனக்கு யாரு பேசுவா? அடுத்த லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கிறதுக்குள்ள நீ பேசப் பழகிக்க. நானே வந்து பார்ப்பேன். பழகலேன்னா இவ வீட்லயே கெடக்கட்டும்."

மந்தமானவர்களைக் கொஞ்சம் மிரட்டினால் வேகம் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. தான் வந்த சூட்டிலேயே பர்மியம் கற்றதாகச் சொல்லிக்கொள்வார். 'தூக்கு', 'இறக்கு', நாலைந்து வசவு, இவ்வளவுதான் அவருடைய பர்மியம்.

நானும் என்னாலான உற்சாகத்தை ஊட்டினேன். அம்மா அடுப்பூதும்போதும் துணி அலசும்போதும் பக்கத்தில் நின்று வார்த்தைகளைச் சொல்லச் சொல்லுவேன். காலையில் சொன்னது மத்தியானம் அவளுக்கு நினைவிருக்காது. "இதுகூட வராதா?" என்று அப்பாவின் குரலிலேயே அதட்டுவேன். அவளுக்கு முகம் சிவந்துவிடும். "நான் எங்கடி பள்ளிக்கூடம் போனேன்? மெதுவாச் சொல்லு" என்பாள்.

பிறகு ஏனோ என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டாள். சந்தைக்குப் போனால் என்னைப் பலகாரக் கடைப் பக்கம் அனுப்பிவிட்டு, மீன்காரியின் எதிரில் குந்திக்கொள்வாள். சந்தனம்போல் அரைத்த 'தனக்கா' மரப்பட்டை பூசிய கன்னமும் வாயில் சுருட்டுமாக இருக்கும் பர்மியக்காரி அவள். மீனோடு கொஞ்சம் கீரைக்கட்டும் வைத்திருப்பாள். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் எதையோ மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாஷை தெரியாதவர்களுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

சோதனை நாள் வந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அம்மா மீன்காரியிடம் நேராகப் போய், விரால் என்ன விலை என்று பர்மியத்தில் கேட்டாள். மீன்காரி உரக்க ஒரு விலை சொன்னாள். "ஸே ச்சீதே, ஷொ பா" என்றாள் அம்மா. விலை அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அவள் குறைத்தாள். அடுத்து வள்ளைக்கீரை. தட்டுத் தடங்கல் இல்லாமல் முடிந்தது. அம்மாவின் கழுத்தெல்லாம் வியர்வை. "பாத்தியா, ஒரு அதட்டல் போட்டேன், வந்துடுச்சு" என்றார் அப்பா. அந்த வாரமே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அதன்பின் எங்கள் வீட்டில் விரால் மீன் குழம்பும் வள்ளைக்கீரையும்தான். மறுநாளும் அதே. நான் முனகுவேன். "ரங்கூன் ஆத்துல வேற மீனே இல்லையா?" என்பார் அப்பா. "இதுதான் நல்லாக் கெடைக்குது" என்பாள் அம்மா.

ஒரு விடுமுறை நாளில் நானும் அவளோடு சந்தைக்குப் போனேன். மீன்காரி என் கன்னத்தைக் கிள்ளி, உன் மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அம்மாவிடம் பர்மியத்தில் சொன்னாள். "ஸே ச்சீதே, ஷொ பா" என்றாள் அம்மா.

எனக்கு மானம் போயிற்று. மீன்காரி சிரிக்கவில்லை, அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு விராலை எடுத்துப் போட்டாள். மற்றக் கடைகளில் விரலை நீட்டிக் காட்டி வாங்கிவிடலாம். அவர்கள் திருப்பி ஏதாவது கேட்டால் என்ன செய்வது? கேள்வியும் பதிலும் அம்மாவுக்கு மனப்பாடமாக இருந்தது இந்த ஓரிடத்தில்தான். இதெல்லாம் இப்போதுதான் புரிகிறது. அன்றைக்கு அவள் மந்தம் என்று மட்டும்தான் தோன்றியது.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் போட்டு உடைத்தேன். "அப்பா, அம்மாவுக்கு இன்னும் பேசவே வரலை. மீன்காரி என்ன சொன்னாலும் விலையைக் குறைன்னே சொல்லுது."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தன் தட்டிலிருந்த விராலையும் கீரையையும் வெகுநேரம் பார்த்தார்.

"அவ நல்லாத்தான் பேசுறா. நீ படிக்கிற வேலையைப் பாரு" என்றார். அப்புறம் தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு துண்டு போடு."

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் விராலைக் குறை சொன்னதில்லை. அன்றிரவு, திடீரென்று அது எப்படி அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று யோசித்துக்கொண்டே, என் பங்கு மீனை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நான் கைகழுவிச் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.