சுவரின் இரண்டு படங்கள்

கெலிஓயாவில் முஸ்லிம் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் கெமராக்காரர்களை விடமாட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுப்பவள் நப்லா. முப்பத்தாறு வயது. கம்பளை முதல் அக்குறணை வரை அவளைத் தெரியாத குடும்பங்கள் குறைவு. பதினொரு வருடமாக எடுத்த படங்களில் ஒன்றைக்கூட அவள் வெளியாருக்குக் காட்டியதில்லை. மணப்பெண் வீட்டாரிடம் கொடுத்த கையோடு தன்னிடமிருப்பதை அழித்துவிடுவாள்.

அந்தக் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்து மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. வெள்ளிக்கிழமைக் கலியாணம் நின்றுபோனது. மண்டபத்துக் கதிரைகள் தண்ணீரில் மிதக்கின்றன என்று மணப்பெண்ணின் உம்மா போனில் சொன்னதுதான் கடைசி. அதோடு சிக்னலும் போனது. கரண்ட் அதற்கு முன்னமே போயிருந்தது.

சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் தணிந்தது. நப்லா கெமராவையும் நீள லென்ஸையும் எடுத்துக்கொண்டு சாஹுல் ஹமீதின் ஹார்ட்வெயார் கடை மேல்மாடிக்குப் போனாள். அதன் பின்பக்கம் மகாவலியைப் பார்த்தபடி இருக்கும். ஆற்றை இதுவரை அவள் படம் எடுத்ததே இல்லை. இன்றைக்கு எடுக்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆறு கரையை விட்டு அகன்று கித்துள் மரங்களின் இடுப்பளவு ஓடியது. கூரைத் தகரங்கள், வேரோடு பெயர்ந்த மரங்கள், காஸ் சிலிண்டர்கள் எல்லாம் போயின. ஒரு பசு உயிரோடு போனது. அதைக் கண்டதும் நப்லா கெமராவை இறக்கிவிட்டாள்.

ஆறு வளையும் இடத்தில், முந்நூறு மீட்டர் தள்ளி, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கும் டியூட்டரிக் கட்டடம் இருந்தது. பள்ளத்து ஒழுங்கைத் தெருக்களில் வீடிழந்த அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு நாளாக அதில்தான் தங்கியிருந்தார்கள். கட்டடத்தின் பின்புறத்தை ஆற்றிலிருந்து காப்பது ஒரு கருங்கல் அணைச்சுவர். ஒன்பது மணிக்கு மாடித் தூணொன்றில் சாய்ந்து அதைச் சேர்த்து ஒரு படம் எடுத்தாள். ஒன்பதே முக்காலுக்கு அதே தூணில் சாய்ந்து இன்னொன்று.

கலியாணக் கூட்டப் படங்களில் யார் கண்ணை மூடினார்கள் என்று பார்க்க, இரண்டு படங்களைப் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பார்ப்பது அவள் பழக்கம். இப்போதும் பார்த்தாள். முதல் படத்தில் சுவர் கட்டடத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டாவதில் இடையே ஒரு கறுப்புக் கோடு. சுவரோரம் இறங்கிய தண்ணீர்க் குழாய் நடுவில் கழன்று தொங்கியது.

மாடிக்கு வந்த ஹமீதிடம் காட்டினாள்.

“அது சேத்து ஊத்தை புள்ள, நனைஞ்சா அப்படித்தான் தெரியும்,” என்றார் அவர்.

“அப்ப கொழாய் எப்படி கழண்டிச்சி, ஹமீது நானா? நான் போய் அங்க ஈக்கிறவங்களுக்கு செல்லிட்டு வாரன்.”

“ரோட்டுல தண்ணி ஈக்கிது. தனியப் போக ஏலா.”

அவள் கெமராவைப் பொலித்தீன் பையில் சுற்றி, தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதையில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கடைகளின் இரும்புக் கதவுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வடிகான் எது, பாதை எது என்று தெரியவில்லை. ஓரிடத்தில் கால் உள்ளே போய் இடுப்புவரை நனைந்தாள். கெமரா நனையவில்லை.

டியூட்டரியில் முகாமைப் பார்த்துக்கொண்டவர் தியாகராஜா, ஓய்வுபெற்ற தபாலதிபர். வாசலில் நின்று பாண் பங்கிட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, நேத்து ஒருத்தர் வந்து மேல அணை ஒடைஞ்சிருச்சுன்னு சொன்னாரு. எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுனாங்க. ஒரு அம்மாவுக்குக் காலு முறிஞ்சு போச்சு. அணையும் ஒடையல, ஒண்ணும் ஒடையல. இன்னொரு தடவ இவங்கள என்னால கிளப்ப முடியாது.”

“நான் கேள்விப்பட்டத செல்ல வரல்ல சேர். இதப் பாருங்க.”

கெமராவின் பெற்றரி ஒரு கோட்டில் சிவப்பாக மின்னியது. சார்ஜ் போட வழியில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள எடுத்த நேரம் அவளுக்கு நீண்டு போனது. முதல் படம். இரண்டாவது படம்.

“இன்னொருக்கா காட்டுங்க.”

காட்டினாள். அவர் தானே பொத்தானை அழுத்திப் பார்த்தார். மூன்றாம் தடவை திரை அணைந்துவிட்டது.

தியாகராஜா பின்னறைக்குப் போனார். நப்லாவும் போனாள். அங்கே பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சுவரோரப் பாயொன்றைத் தூக்கினார். சீமெந்துத் தரையில் தலைமயிர் அளவு வெடிப்பு, சுவரின் நீளத்துக்கும் ஓடியது.

“புள்ளைங்கள மொதல்ல தூக்குங்க,” என்றார். “யாரும் ஓடக் கூடாது. மேல கோயில் மண்டபத்துக்குப் போறோம்.”

மழை மறுபடி பிடித்தது. சாமான்களை விட்டு வர மனமில்லாமல் சிலர் முணுமுணுத்தார்கள். கால் முறிந்த அம்மாவை வாங்குப் பலகையில் கிடத்தி நால்வர் தூக்கினார்கள். நப்லாவின் கையில் யாரோ எட்டு மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மண்டபத்தின் ஒரு பக்கம் ஒழுகியது, பிள்ளைகள் குளிரில் அழுதார்கள். சுவர் அப்படியேதான் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். சிலர் நப்லாவைப் பார்த்த பார்வையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தான் பார்த்தது பிழையோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரும்பக் காட்டக் கெமராவிலும் உயிரில்லை.

அந்தக் குழந்தையின் தகப்பன் சுதேஷ் எழுந்தான். “பால்மா டின்ன விட்டுட்டு வந்துட்டோம். புள்ள பசியில கெடக்கு. எடுத்துட்டு வந்துர்றேன்.”

“போகாதீங்க தம்பி,” என்றாள் நப்லா.

“எவ்வளவு நேரந்தான் இப்படியே இருக்கிறது? நீங்க சொன்னதுல ஒண்ணும் நடக்கலையே.”

அவன் இறங்கிப் போனான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் படிவரை போனாள். அவன் டியூட்டரி வாசலை நெருங்குவது அங்கிருந்து தெரிந்தது. ஒரு காலை உள்ளே வைத்தான். பிறகு அசையாமல் நின்றான். உள்ளே கதவொன்று தானாகத் திறந்து ஆடியதாம். அதை அவன் பிறகு சொன்னான். அவன் திரும்பி ஓடிவர, பின்புறம் கல்லும் சீமெந்தும் உரசும் ஓசை எழுந்தது. கருங்கல் சுவர் ஆற்றுக்குள் சாய்ந்தது. அதன் பின்னே பின்னறை, கூரையோடு, பாய்களோடு இறங்கியது. முன்பகுதி பிளந்தபடி நின்றது.

சுதேஷ் படியில் வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. குழந்தையை வாங்கக் கையை நீட்டினான். மூச்சு அடங்கட்டும் என்று நப்லா கொடுக்கவில்லை.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். “நான் வச்சிக்கிறன்.”

நான்கு நாள் கழித்துக் கரண்ட் வந்தது. கட்டடம் விழுந்த படம் இருந்தால் அனுப்பச் சொல்லி ஒரு செய்திப் பக்கத்தினர் கேட்டார்கள். இல்லை என்றாள். விழுவதற்கு முன் எடுத்த இரண்டு படங்கள் இருப்பதாகச் சொன்னாள். அது அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. தியாகராஜாதான் அவற்றை அச்சிட்டு வாங்கி, ஆற்றோரச் சுவர்களைப் பார்க்க வந்த பொறியியலாளரிடம் கொடுத்தார். அந்த வாரமே அதே வளைவில் இன்னும் இரண்டு வீட்டாரை வெளியேற்றினார்கள்.

நின்றுபோன கலியாணம் தை மாதம் மணப்பெண்ணின் வீட்டிலேயே நடந்தது. நப்லா கெமராவோடு காலையிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.