தர்முஜி தர்முஜி

ஹாஜி சோலிகினிடம் தர்முஜி பட்ட கடன் அறுபது லட்சம் ரூப்பியா. கம்ப்ரெசரும் ஸ்பிரே கன்னும் வாங்கப் பட்ட கடன். இதை மறைத்துப் பேசுகிறவர் இல்லை அவர். கடலோர ஊரான லாசெமின் லாரிப்பேட்டையில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஏதாவதொரு மீன் லாரியின் பின்பலகைக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எனாமலைக் கலக்கிக்கொண்டே, வந்து நிற்கிற டிரைவரிடம் தானாகவே சொல்லிவிடுவார்: "கடன்காரன்கிட்டதான் வந்திருக்க. இந்தக் கடலோரத்துல என்னவிடப் பெரிய கடன்காரன் இருப்பான். என்னவிடப் பெரிய கலைஞன் இருந்தா கூட்டிட்டு வா, எந்திரிச்சு ஸ்டூலக் குடுத்துடறேன்."

இன்றுவரை ஸ்டூலை யாருக்கும் கொடுத்ததில்லை.

வயது அறுபத்திரண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டதாக ஊர் சொல்லும். பள்ளிக்கூடத்தைத் தான் விட்டதாக அவர் சொல்லுவார். குரு என்று யாரும் கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று, போகிற லாரிகளின் முதுகைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். லாரி நிற்காது, வேகமாகப் போய்விடும். அதனால் ஒரு தடவை பார்த்ததை மனத்தில் பிடித்துக்கொள்கிற வித்தை தானாக வந்துவிட்டது. டிரைவர்கள் போனில் மனைவியின் படத்தைக் காட்டுவார்கள். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "போதும், எடுத்துக்க. ரொம்ப நேரம் பாத்தா உனக்குத்தான் சந்தேகம் வரும்."

முதலில் கண்களைத்தான் வரைவார். வரைந்து காய்ந்ததும் ஒரு செய்தித்தாளைக் கிழித்து அவற்றின் மேல் ஒட்டிவிடுவார். மூக்கும் வாயும் வருகிறவரை அந்தப் பெண் எதையும் பார்க்கக் கூடாது. "அரைகுறையா இருக்கும்போதே மொறைப்பாளுங்க, கை ஓடாது." காது மட்டும் வரையவே மாட்டார், கூந்தலை இழுத்து மூடிவிடுவார். கேட்டால், "டிரைவர் பேசறதெல்லாம் இவ கேட்டுக்கிட்டே சுரபாயா வரைக்கும் போகணுமா?" என்பார். காப்பி குடித்து முடித்தால் அடிமண்டியைத் தீக்குச்சியால் தொட்டு சிகரெட்டின் மேல் கொடியும் பூவும் போடுவார். எங்கள் ஊரில் எல்லோரும் போடுவதுதான். ஆனால் மற்றவர்கள் போட்டதைப் பற்றவைப்பார்கள். தர்முஜி போட்டதைப் பற்றவைக்க மனம் வராமல் காதில் செருகிக்கொண்டு திரிகிற டிரைவர்கள் உண்டு.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு குறை. லாரி வரைகிறவன் வேலை முடிந்ததும் மூலையில் தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதுவது வழக்கம். அடுத்த வேலை அதைப் பார்த்துத்தான் வரும். கடன் கொடுத்த ஹாஜி ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: கணக்குத் தீருகிறவரை அவருடைய லாரிகளில் தர்முஜியின் பெயர் இருக்கக் கூடாது. பேட்டையில் பாதி லாரி ஹாஜியுடையது. "பன்னெண்டு லாரி ஓடுது," என்பார் தர்முஜி. "பன்னெண்டும் என் புள்ளைங்க. ஒண்ணுக்கும் அப்பன் பேர் இல்ல."

பெயர் ஏறுவதற்கு வேறு இடம் கண்டுபிடித்தவள் அவர் மனைவி கஸ்மிரா. தெம்பே என்கிற சோயா வறுவலைப் போன் வழியாக விற்கிறவள். அவளுக்கு இணையம் அடுப்பங்கரை மாதிரி. வடகரைக் கலைஞர்களுக்கென்று செமாராங் நகரத்தில் சில இளவட்டங்கள் ஓர் இணையப் பெயரேடு தொடங்கியிருப்பதை அவள்தான் பார்த்தாள். பாவைக்கூத்து ஆடுகிறவர், பத்திக் துணிக்கு மெழுகு எழுதுகிறவள், படகுக்கு வண்ணம் பூசுகிறவர் என்று ஊர்வாரியாக முகமும் முகவரியும் போட்டிருந்தார்கள். காசு கிடையாது. இரண்டு படம், பெயர், தொழில், அவ்வளவுதான்.

பெயரில்தான் சிக்கிக்கொண்டது.

"பாக்னே, ரெண்டாவது பேர் கேக்குது." பிள்ளைகளின் அப்பாவை எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எனக்கு ஒண்ணுதானே வெச்சாங்க?"

"அது இந்தக் கட்டத்துக்குத் தெரியல. புள்ளி வெச்சுப் பாத்தேன், கோடு போட்டுப் பாத்தேன், செவப்பாக் கத்துது."

"அப்ப அதையே இன்னொரு தடவ போடு. நல்ல பேர்தானே, ரெண்டு தடவ சொன்னா தேஞ்சா போயிடும்?"

இப்படித்தான் அவர் உலகத்துக்குத் 'தர்முஜி தர்முஜி' ஆனார். பேட்டை சும்மா இருக்குமா? "ஒரு தர்முஜி பீத்திக்கறதையே தாங்க முடியல, இன்னொன்னு வேறயா?" என்றான் பஞ்சர் கடைக்காரன். டிரைவர்கள், "தர்முஜி, உங்க அண்ணன் இருக்காரா, தம்பி இருக்காரா?" என்று வண்டியை நிறுத்தாமலே கத்திவிட்டுப் போனார்கள். அவர் அசரவில்லை. காலையில் பல் தேய்க்கிறதற்கு முன்னால், "இன்னிக்கு எத்தன பேர் என்னப் பாத்தாங்க?" என்று கஸ்மிராவைக் கேட்பது வழக்கமாயிற்று. ஏழு பேர் என்றால் அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை பத்தவில்லை. நாற்பது பேர் என்றால் பேட்டை முழுவதும் காப்பி அவர் கணக்கில்.

பிறகு ஒருநாள் அந்தப் பெயரேட்டிலிருந்தே செய்தி வந்தது. செமாராங் சதுக்கத்தில் லாரி ஓவிய விழா. ஜனங்கள் பார்க்க இரண்டு வெள்ளை லாரிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்துவார்கள். 'தர்முஜி சகோதரர்கள்' ஆளுக்கொன்று வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்குக்குள் முடிக்க வேண்டும். ஆளுக்கு முப்பது லட்சம்.

கஸ்மிரா தலையில் கை வைத்தாள். "ரெண்டு பேர்னு நெனச்சுட்டாங்க. இல்லன்னு எழுதிடறேன்."

"இரு. ரெண்டு முப்பது எவ்வளவு?"

ஹாஜியின் அறுபது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்.

"ரெண்டு பேர் வர்றோம்னு எழுதாத, அது பொய். ரெண்டு லாரியும் முடியும்னு எழுது. அது நெசம்."

வெள்ளிக்கிழமை மதியம் கம்ப்ரெசரோடும் கஸ்மிராவோடும் சதுக்கத்தில் போய் இறங்கினார். விழாவை நடத்துகிற பெண் விதுரி, கழுத்தில் அட்டை, கையில் பட்டியல். அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பாக், இன்னொருத்தர் எங்க?" பெரியவர்களை மரியாதையாக 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யாரு இன்னொருத்தர்?"

"ஒத்தப் பேர்க்காரங்க ரெண்டு தடவ போடறது எனக்கும் தெரியும் பாக், எங்க அப்பாவும் அப்படித்தான். ஆனா நீங்க போட்ட ரெண்டு படத்துல ஒருத்தர் வலது கையால வரையறார், இன்னொருத்தர் இடது கையால. ரெண்டும் முதுகுப்பக்கமா எடுத்தது. அதான் அண்ணன் தம்பின்னு…"

தர்முஜி இடது கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "இதோ வந்திருக்கான். தம்பி. பேச்சு கம்மி, வேல ஜாஸ்தி."

எங்கள் பக்கத்தில் இடது கையால் கொடுத்தால் பிச்சைக்காரனும் வாங்க மாட்டான். இடது கையால் வழி காட்டினால் வழி கேட்டவன் முறைப்பான். பிறவியிலேயே இடது கைக்காரரான தர்முஜி அடி வாங்கி வாங்கி வலது கையையும் பழக்கினார். கடைப் பெயர்ப் பலகைகளை, ஜனங்கள் பார்க்க வலது கையால் எழுதினார். முகங்களை, யாரும் கவனிக்காத நேரத்தில் இடது கையால் வரைந்தார். இரண்டும் தேறிவிட்டன. ஒரு கையின் எழுத்து இன்னொரு கைக்கு வராது. அதன் கோடு இதற்கு வராது.

விதுரிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஒரு ஆளுக்கு ஒரு லாரி, ஒரு கூலிதான் பாக். மேல இருக்கறவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க கேட்டது ரெண்டு லாரி. ரெண்டும் வரும். ஒண்ணு முடியலைன்னா ரெண்டுக்கும் ஒரு காசு வேணாம். இத அவங்ககிட்ட சொல்லு அம்மாடி."

கஸ்மிரா அவர் முதுகில் கிள்ளினாள். சொன்னது சொன்னதுதான். விதுரி போன் பேசிவிட்டு வந்து, சரி என்றாள்.

வலப்பக்கத்து லாரியை வலது கை எடுத்துக்கொண்டது. முழங்கை அகல எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிழல்: 'என்னை முந்தலாம். என் பெண்டாட்டியின் போனை முந்த முடியாது.' முதல் வரி முடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எழுத்து காய்கிற நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இடப்பக்கத்து லாரிக்குப் போய் இடது கையால் ஒரு பெண்ணின் கண்களைத் திறந்தார். "அண்ணன் டீ குடிக்கப் போயிட்டாரு, தம்பி வந்துட்டாரு!" என்று யாரோ கூவினார்கள். சதுக்கம் சிரித்தது. யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம்கூடக் கட்டினார்கள்.

சனிக்கிழமை பிற்பகல் கடல் பக்கமிருந்து மழை குறுக்காக அடித்தது. தார்ப்பாய் பறந்து போயிற்று. வலது லாரியின் எழுத்து காய்ந்திருந்ததால் பிழைத்தது. இடது லாரியில் அந்தப் பெண்ணின் முகம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுரண்டினார்.

செமாராங்குக்குச் சரக்கோடு வந்த ஹாஜி சோலிகின் குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். விதுரியும் வந்தாள். "பாக், மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு லாரி முடிஞ்சிருக்கு. முப்பது லட்சத்த நானே கேட்டு வாங்கித் தர்றேன். போதும், விட்டுடுங்க."

"வாங்கிக்க தர்முஜி," என்றார் ஹாஜி. "பாதிக் கடனாவது கொறையும்."

தர்முஜி சுரண்டுகிற தகட்டை நிறுத்தவில்லை. "பாதிக் கடன் கொறஞ்சா பாதிப் பேர் எழுத விடுவீங்களா பாக் ஹாஜி? 'தர்'னு எழுதிட்டு நிறுத்திக்கவா?"

ஹாஜி குடையைப் பின்பலகைக்கு மேலாகச் சாய்த்துப் பிடித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிறு விடிந்ததும் வெறும் தகட்டிலிருந்து மறுபடி தொடங்கினார். கம்ப்ரெசரின் காற்றால் பூச்சைக் காயவைத்துக் காயவைத்து ஏறினார். மதியத்துக்குள் கண், மூக்கு, வாய். கண்களின் மேல் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தபோது கூட்டத்தில் முதலில் கத்தியது கஸ்மிராதான். லாரியிலிருந்து அவளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஐம்பத்தெட்டு வயதும் குறையாமல். கூந்தலுக்கு வெளியே இரண்டு காதும் இருந்தன, தோட்டோடு.

"எனக்கு மட்டும் எதுக்குக் காது?"

"நீ எப்படியும் ஒட்டுக் கேக்கத்தானே போற."

இனி பாக்கி இரண்டு லாரிக்கும் கரை. நேரம் இல்லை. தர்முஜி இரண்டு லாரிகளுக்கும் நடுவில் போய் நின்றார். வலது கையில் ஒரு பிரஷ், இடது கையில் ஒரு பிரஷ். இரண்டு கையையும் விரித்தார், பறக்கப் போகிறவர் மாதிரி. இரண்டு பலகையின் ஓரத்திலும் இரண்டு சிவப்புக் கோடு ஒரே சமயத்தில் மேலிருந்து கீழே இறங்கின. கூச்சல் அடங்கிவிட்டது. அத்தனை பெரிய சதுக்கத்தில் பிரஷ் தகட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. சும்மா சொல்லவில்லை, அங்கே நின்றவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் மூலை. வலது லாரியில் வலப்பக்கம் சாய்ந்து 'தர்முஜி'. இடது லாரியில் இடப்பக்கம் சாய்ந்து 'தர்முஜி'. இரண்டும் ஒரு சாண் உயரம். பிரஷை எடுத்தார், அஸர் பாங்கு ஒலித்தது. அது முடிகிறவரை யாரும் கை தட்டவில்லை. முடிந்ததும் தட்டிய தட்டில் புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போயின.

தொழுகை முடிந்து வந்த விதுரி இரண்டு உறைகளோடு மேடையில் ஏறினாள். தர்முஜி வலது கையை நீட்டினார். லட்சம் ரூப்பியாத் தாள்கள் முப்பது; அவள் எண்ண, கூட்டமும் சேர்ந்து எண்ணியது. அவர் அதைக் கஸ்மிராவிடம் கொடுத்தார். பிறகு விதுரியின் முன்னால் இடது கையை நீட்டினார்.

முன்வரிசையில் ஒரு கிழவர் பிடிக்காமல் உச்சுக்கொட்டினார். "தர்முஜி," என்று தணிந்த குரலில் அதட்டினார் ஹாஜி, "பொண்ணுகிட்ட எந்தக் கைய நீட்டற?"

"வேல செஞ்சவன் கைய," என்றார் தர்முஜி.

கை இறங்கவில்லை. விரலிடுக்கில் சிவப்பு எனாமல் இன்னும் காயாமல் பளபளத்தது. விதுரி ஹாஜியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், இரண்டாவது உறையைப் பிரித்தாள். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது செய்வதுபோல் இலேசாகக் குனிந்து, அந்த உள்ளங்கையில் முதல் தாளை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒண்ணு" என்றாள்.