கானாவூரில் பெரியம்மா

எங்கள் வீட்டாருக்கு யாத்திரை என்றால் மடு மாதா கோயில்தான். ஆவணித் திருவிழாவுக்கு முரசுமோட்டையிலிருந்து வான் பிடித்து, பாயும் சட்டி பானையும் ஏற்றிக்கொண்டு போவோம். மரத்தடியில் கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டு, பக்கத்துக் கூடாரத்தாரோடு தண்ணீருக்குச் சண்டை பிடித்து, மாதாவிடம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவோம். வரும்போது ஒரு பொட்டலம் மடு மண் கட்டாயம் வரும். பாம்பு கடித்தால் அந்த மண் காப்பாற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வயலில் நிற்கிற சனத்துக்கு இப்படி ஒரு பிடிமானம் தேவை.

ஆகவே பெரியம்மா ஜெருசலேமுக்குப் போகப் போகிறார் என்றதை வீட்டில் முதலில் எவரும் நம்பவில்லை. பெரியம்மா அம்மாவின் அக்கா. இடம்பெயர்ந்து திரும்பிய நாளிலிருந்து எங்களோடுதான் இருந்தார். பயணத்துக்கு ஒழுங்கு செய்தவர் சுவிஸிலிருந்த மாமா, அவர்கள் இருவருக்கும் தம்பி. மன்னார்ச் சுவாமியார் ஒருவர் வடக்கு முழுவதிலுமிருந்து ஆட்களைச் சேர்த்துப் புனித நாட்டுக்குக் கூட்டிப் போவார். அந்தக் குழுவில் மாமா பெரியம்மாவையும் சேர்த்துவிட்டார். மாமா சும்மா ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை.

பெரியப்பா யுத்தத்தின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் சன நெரிசலுக்குள் காணாமல் போனவர். கார்த்திகை பிறந்தால் மரித்தோர் திருநாளுக்கு எல்லா வீட்டாரும் செத்தவர்களின் பெயர்களைக் கோயிலில் கொடுப்பார்கள். பூசையில் வாசிப்பார்கள். பெரியப்பாவின் பெயரைக் கொடுக்கப் பெரியம்மா சம்மதிக்கவே இல்லை. தாலியும் கழுத்தில்தான் கிடந்தது. பூசை ஒப்புக்கொடுக்காவிட்டால் ஆத்துமா அலையும் என்று மாமா பயந்தார்.

"ஆண்டவரின்ரை கல்லறையை ஒருக்காக் கண்ணாலை பாத்தா அக்காவுக்கு மனம் ஆறும். வந்த கையோடை பேரைக் குடுப்பா, இருந்து பாருங்கோ" என்று மாமா தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னார்.

பெரியம்மா திரும்பி வந்த அன்று விறாந்தையில் பெட்டியைத் திறந்தார். யோர்தான் ஆற்றுத் தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் வந்திருந்தது. எங்கள் குளத்துத் தண்ணீரைவிடக் கொஞ்சம் தெளிவாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு கடதாசிச் சரையில் வெள்ளை மா. பெத்லகேமில் மாதா பாலனுக்குப் பால் கொடுத்த குகையாம். ஒரு துளி கீழே சிந்திப் பாறையே வெள்ளையாகிவிட்டதாம். அந்தப் பாறையின் தூளைப் பிள்ளை இல்லாதவர்கள் வாங்கிப் போவார்களாம். அப்பா அதைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இது பாம்புக்கடிக்குக் கேக்குமோ?"

"அங்கை பாம்பைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார் பெரியம்மா.

மாமா அப்போது கைத்தொலைபேசியில் வீடியோவில் இருந்தார். அவருக்கு யோர்தானும் பெத்லகேமும் வேண்டியிருக்கவில்லை. அம்மாதான் அவருக்காகக் கேட்டார்.

"கல்லறை எப்பிடி அக்கா?"

"சரியான சனம். விடியவே போய் வரிசையிலை நிண்டனாங்கள். குனிஞ்சு உள்ளுக்கை போனா ஒரு கல்லுப் பலகை. ஆள் இல்லை." பெரியம்மா சரையைத் திரும்பவும் கவனமாகச் சுற்றினார். "இன்னொரு இடத்திலை தோட்டத்துக்குள்ளையும் ஒரு கல்லறை காட்டினவை. அதுதான் உண்மையானது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினமாம். அதிலையும் ஆள் இல்லை. ஆள் இல்லையெண்டு பாக்கத்தான், தம்பி, உலகம் முழுக்க அங்கை வருது."

மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து இணைப்பு சரியாக வேலை செய்யவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, பெரியம்மாவோடு பயணம் போன கிளிநொச்சி டீச்சர் ஒருவர் படங்கள் காட்ட வீட்டுக்கு வந்தார். பெரியம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போன நேரம், டீச்சர் ஒரு படத்தில் விரலை நிறுத்தினார்.

"இது கானாவூர். ஆண்டவர் தண்ணியைத் திராட்சை ரசமாக்கின கலியாண வீடு. அங்கை போற புருசன் பெண்சாதியெல்லாம் சோடியா எழும்பி நிண்டு, கலியாண வாக்கைத் திருப்பிச் சொல்லுறது வழக்கம். உங்கடை அக்கா தனிய எழும்பிட்டா."

நான் எட்டிப் பார்த்தேன். அந்தக் கோயிலுக்குள் சோடி சோடியாகக் கைபிடித்து நின்றார்கள். நடுவில் பெரியம்மா. வலது கையை மட்டும் இடுப்பளவுக்கு உயர்த்தி, கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தார். அப்பா வெளியே பார்த்தார். டீச்சருக்கு இதை ஏன் காட்டினோம் என்று ஆகிவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. வெளிநாட்டில் எல்லாம் இங்கிலீசில்தான் நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

"பெரியம்மாவுக்கு இங்கிலீசு விளங்கேல்லைப் போலை" என்றேன்.

முதலில் அம்மா சிரித்தார். பிறகு அப்பா, பிறகு டீச்சர். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவ்வளவு பெரிய பகிடியைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை; நானும் சேர்ந்து சிரித்தேன். தேத்தண்ணித் தட்டோடு வந்த பெரியம்மாவிடமும் அதைத் திருப்பிச் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, எனக்கெங்கை இங்கிலீசு" என்று பெரியம்மாவும் சிரித்தார்.

அந்தக் கதை பிறகு சுவிஸ் வரைக்கும் போனது. கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாவற்றிலும் யாராவது என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார்கள், நானும் அலுக்காமல் சொல்வேன். கார்த்திகை வந்தது. பெரியம்மா பெயர் கொடுக்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கார்த்திகையிலும் கேட்கவில்லை.

இந்த வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. வலது கைகளைப் பிடியுங்கோ என்று சுவாமியார் சொன்னதும் கையை இடுப்பளவுக்கு உயர்த்திப் பக்கவாட்டில் நீட்டினேன். என் கையைப் பார்த்தபோது அந்தப் படம் நினைவுக்கு வந்தது. வாக்கின் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டேன். சுவாமியார் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு, ஆறுதலாகச் சொல்லுங்கோ பிள்ளை என்றார்.

கானாவூரில் அந்தப் பூசையை வைத்தவர் மன்னார்ச் சுவாமியார். போன அத்தனை பேரும் எங்கள் சனம். எழும்பி நில்லுங்கோ என்று அவர் தமிழில்தான் சொல்லியிருப்பார். அது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், டீச்சர் அங்கேயே இருந்தவர். அன்றைக்கு எங்கள் விறாந்தையில் அது தெரியாமல் சிரித்தவள் நான் ஒருத்திதான்.