பிரேசிலுக்குக் கேட்டது

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற சுடலைக்கண்ணனுக்கு வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று சொல் வராது. ஹாம் ரேடியோவில் மோர்ஸ் குறியீடு தட்ட உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் பேசுவார். அதுவும் ஒருவரோடுதான்: கூட வேலை பார்த்து, நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட்ட கிருபாநிதி. தொண்டைப் புற்றுநோய்க்கு அறுத்ததில் கிருபாநிதியின் குரல் போனது, விரல் மிச்சமிருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு, எண்பது மீட்டர் அலைவரிசையில், குரல் இருந்தபோது சொல்லாத கேலியெல்லாம் அந்த விரல் சொல்லும்.

ஐப்பசிக் காற்றில் சுடலைக்கண்ணனின் ஆன்டெனா அறுந்தது. இரண்டு பனைக்கு நடுவே இருபதடி உயரத்தில் கட்டிய வெறும் வயர். திரும்பக் கட்ட அரை நாள் போதும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் மச்சினனின் உப்பளம் சும்மா கிடந்தது. உப்பு ஊறிய ஈர மண்ணில் உயரமாய் ஒரு கம்பம் நட்டு, அடியில் செம்புக் கம்பிகளை விரித்தால் அலை தாழப் படிந்து கடல் தாண்டும் என்று புத்தகங்கள் சொல்லின. சரியாகத்தான் சொல்லின. கம்பம் நட்ட மூன்றாம் நாள் பிரேசில் பதில் சொன்னது.

"பிரேசில்காரனா வந்து ரேஷன் வாங்கித் தரப்போறான்?" என்றாள் மனைவி உமாராணி.

கிருபாநிதி தட்டுவது மட்டும் கேட்கவில்லை. சுடலைக்கண்ணன் அவர் மகள் விஜிலாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா மெஷின் முன்னாலதான் இருக்காவ மாமா. தட்டிக்கிட்டேதான் இருக்காவ."

"அப்போ அவன் வயர்லதான் கோளாறு. இங்கன பிரேசிலே கேக்குது. ஏளா, அதை இறக்கிப் பாக்கச் சொல்லு."

தாழ்ந்த வயர் அலையை நேர் மேலே எறியும். அது வானத்தில் பட்டு மழைபோலச் சுற்றுவட்டாரத்தில் விழும். கம்பத்தின் அலையோ பக்கத்து ஊர்களைத் தாண்டிவிடும். சுடலைக்கண்ணனுக்குத் தெரியாததல்ல, ரேடியோ லைசென்ஸ் பரீட்சைக்கே படித்தது. கிரேன் மேலிருந்தும் அப்படித்தான்: தூரத்துக் கப்பல் தெரியும், நேர் கீழே தெரியாது. கீழே நின்று கை காட்ட ஓர் ஆள் வேண்டும். முப்பது வருடம் அந்த ஆள் கிருபாநிதி.

கார்த்திகை பிறந்த வாரம் கிருபாநிதி இறந்தார். அடக்கம் முடிந்ததும் விஜிலா ஒரு நோட்டைத் தந்தாள். ஆன்டெனா அறுந்ததிலிருந்து பத்தொன்பது நாளும் ஒரே வரி: "ஆறு மணி. கண்ணனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை." நடுவில் ஒரு நாள் மட்டும் கூடுதலாய்: "வயரை இறக்கிப் பார்த்தேன். பழுதில்லை."

"நீங்க சொன்னியன்னு அப்பாவே ஏணி வச்சு ஏறுனாவ மாமா."

மறுநாள் பனைகளுக்கு நடுவே பழைய வயரைக் கட்டினார். அரை நாள்தான் ஆயிற்று. உமாராணி கீழே நின்று கை காட்டினாள்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலுக்குப் பக்கத்து மார்த்தாண்டத்திலிருந்து யாரோ ஒருவர் தட்டியது, பக்கத்து அறையில் தட்டுவதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.