கஜலட்சுமி கையெழுத்துப் போடவில்லை

கண்டியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருக்கும் பகுதி என்று பேரெடுத்தது மஹய்யாவ. விலாசத்தில் மஹய்யாவ என்று எழுதினால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்றொரு பேச்சு அந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் உண்டு. அதனால் பலர் 'கண்டி' என்று மட்டும் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். சுந்தரலிங்கத்தின் மகள் கஜலட்சுமி அப்படி எழுதவில்லை. வீட்டு இலக்கம், ஒழுங்கை, மஹய்யாவ, கண்டி என்று ஒன்றுவிடாமல் எழுதினாள். கூப்பிடாதவன் கூப்பிடாமலே போகட்டும் என்ற திமிர். அந்தத் திமிர் இல்லாவிட்டால் நான் இங்கே அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

கூப்பிட்டது பேராதனை வீதியில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கொம்பனி. போனில் விளையாடும் கேம் செய்கிறவர்கள். கட்டுகஸ்தோட்டையில் போன் கடையொன்றில் வேலைக்கு நின்றபோது, ஆள் வராத நேரங்களில் கஜா அவர்களுடைய கேம் ஒன்றை விளையாடிப் பார்த்து, அதிலிருந்த பதினேழு பிழைகளை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை. பிழையைக் கண்டால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத பிறவி, என்ன செய்வது? கொம்பனிக்காரர்கள் மிரண்டுபோய், மூன்று மாதத் தவணைக்கு டெஸ்டராக வந்து பார், சரிவந்தால் நிரந்தரமாக்குகிறோம் என்றார்கள்.

கேம் விளையாடச் சம்பளமா என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. அம்மா வடிவம்மா அக்கம்பக்கத்தில் 'கம்பியூட்டர் வேலை' என்று சொல்லிச் சமாளித்தாள். விளையாட்டாவது மண்ணாங்கட்டியாவது! ஒரே கதவை இருநூறு தடவை திறந்து மூட வேண்டும். வேண்டுமென்றே சுவரில் கொண்டுபோய் முட்ட வேண்டும். விளையாடத் தெரியாதவன் என்னென்ன கோணங்கித்தனம் செய்வானோ அத்தனையையும் செய்து பார்க்க வேண்டும். பிழை கிடைத்தால் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. அந்த மூன்று வரி கஜாவுக்கு முதல் நாளே பிடித்துப்போனது. இப்படி நேராகப் பேசுகிற ஓர் இடமும் உலகத்தில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

அவள் வீட்டில் அந்த மூன்று வரிக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. சுந்தரலிங்கம் பத்தொன்பது வருஷம் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் பார்த்தவர். ஒருநாள் சிங்களத்தில் டைப் செய்த கடிதமொன்றை நீட்டி, லீவு சம்பந்தமானது, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். அவருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு போட்டுவிட்டார். அது அவர் தானாகவே வேலையை விட்டு விலகுவதாகச் சொல்லும் கடிதம். கஜாவுக்கு அப்போது பதினாலு வயது. அப்பா வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து, "வாசிக்காம போட்டுட்டேன்" என்று சொன்னதை அவள் மறக்கவேயில்லை. தானே பார்க்காத எதிலும் பேர் எழுதுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள்.

கொம்பனி அப்போது செய்துகொண்டிருந்தது ஒரு பஸ் கேம். மலைப்பாதையில் பஸ் ஓட்ட வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் பனிமூட்டம் வந்து பாதையை மூடிவிடும். ஒன்றும் தெரியாது. கொண்டக்டர் சொல்வது திரையில் எழுத்தாக வரும், இடது, வலது என்று. அதை நம்பித்தான் திருப்ப வேண்டும். ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் விளையாடலாம். தமிழைப் பார்க்கும் பொறுப்பு கஜாவுடையது.

தமிழில் ஓட்டினால் பஸ் பள்ளத்தில் விழுந்தது. இடது என்றால் இடது பக்கம் திருப்பினாள், விழுந்தது. மறுபடியும் ஓட்டினாள், மறுபடியும் விழுந்தது. இடதும் வலதும் எங்கோ இடம் மாறிக் கிடந்தன. மூன்று வரி எழுதி அனுப்பினாள்.

அதைப் பார்க்க வேண்டியவன் கிருஷாந். கேமைச் செய்த குழுவின் தலைவன், யாழ்ப்பாணத்துக்காரன், பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவன். கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது, நல்லவனும்கூட. ஆனால் கஜாவோடு அவனுக்கு ஏற்கெனவே ஒரு தமிழ்ச் சண்டை இருந்தது. கொண்டக்டர் 'இறங்குங்கோ' என்று சொல்வதாக அவன் எழுதி வைத்திருக்க, இந்தப் பாதையில் ஓடுகிற எந்தக் கொண்டக்டர் அப்படிச் சொல்கிறார், 'இறங்குங்க' என்று மாற்றுங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். அதனால் இதையும் அந்த வகையிலேயே சேர்த்து, இரண்டாவது வரியைக்கூடப் பார்க்காமல், உங்கட பக்கத் தமிழுக்காக மாற்ற ஏலாது என்று எழுதி, அந்தப் பிழைப் பதிவை முடிந்ததாக மூடிவிட்டான். கஜா அதைத் திரும்பத் திறந்தாள். இந்தமுறை அவன் தமிழில் போட்டு ஓட்டிப் பார்த்தான். பஸ் அழகாகப் போய்ச் சேர்ந்தது. எனக்கு இந்தப் பிழை வரவில்லை என்று எழுதி மறுபடியும் மூடினான். அவள் மறுபடியும் திறந்தாள்.

வியாழக்கிழமை ஒரு தாள் வந்தது. மறுநாள் கேமை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். மூன்று மொழிக்கும் 'முழுதாகப் பார்த்தேன், சரி' என்று ஆள் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டில் வைத்தாகிவிட்டது. தமிழ் வெறுமையாக இருந்தது. கஜாவின் மூன்று மாதம் சனிக்கிழமையோடு முடிகிறது.

கிருஷாந் தாளை அவள் மேசையில் வைத்தான். பஸ் விழுகிறது, போட மாட்டேன் என்றாள். அவன் பொறுமையாகத்தான் விளக்கினான். முதலாளி அவசரப்படுகிறார், பிழை இருந்தால் பிறகு திருத்தலாம், இந்த நேரத்தில் இப்படி நின்றால் உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எப்படிப் போய்ப் பேசுவது என்று கேட்டான்.

"தமிழில ஆர் விளையாடப் போகினம், கஜலட்சுமி? எல்லாரும் இங்கிலீசிலதான் போடுவினம்."

கஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். போன் கடையில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டது. ஆனாலும் பேனாவை அவள் தொடவில்லை.

"ஒருத்தன் விளையாடினாலும் அவன் பள்ளத்துலதான் விழுவான். எம் பேரப் போட்டு அவனத் தள்ளிவிட மாட்டேன். வேல போனா போகட்டும்" என்றாள். பிறகு போனை எடுத்து நீட்டினாள். "நீங்க ஓட்டுங்க. எம் முன்னாடி."

அவன் ஓட்டினான். பஸ் முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதையும் தாண்டியது. பார்த்தீரா என்பதுபோல் அவளைப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்து வர்றதுக்கு முந்தியே திருப்புறீங்க" என்றாள். "பாதைய நீங்கதானே போட்டீங்க, மனப்பாடமா ஓட்டுறீங்க. எழுத்து வரட்டும். வாசிங்க. வாசிச்சத மட்டும் செய்ங்க."

அவன் காத்திருந்தான். 'வலது' என்று வந்தது. வலது பக்கம் திருப்பினான். பஸ் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஓட்டினான். 'இடது'. விழுந்தது. மூன்றாம் தரம் விழுந்தபோது போனை மேசையில் வைத்துவிட்டான்.

"நான் ஒருநாளும் வாசிக்கேல்ல" என்றான்.

கஜாவுக்குச் சட்டென்று அப்பாவின் கதிரை ஞாபகம் வந்தது. கோபம் பாதி இறங்கிப்போனது. முழுதும் இறங்கவில்லை. தாளை இழுத்து, 'சரி' என்பதைக் குறுக்கே வெட்டி, 'பிழை' என்று தமிழில் எழுதி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

முதலாளி கிருஷாந்தைக் கிழிகிழியென்று கிழித்தார். கேம் நாலு நாள் பிந்தியது, கஜாவின் தவணையையும் அதுவரை நீட்டினார்கள். திருத்தி வந்ததும் கஜா நாற்பத்திரண்டு வளைவையும் எழுத்தைப் பார்த்தே ஓட்டி முடித்தாள். அப்புறந்தான் கையெழுத்துப் போட்டாள். கொண்டக்டரும் இப்போது 'இறங்குங்க' என்றுதான் சொன்னார்.

அடுத்த நாள் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. கிருஷாந்தே கொண்டுவந்து, இதிலயாவது உடன கையெழுத்து வையும் என்று சிரித்தான். கஜா உட்கார்ந்து வாசித்தாள். பேர் சரி, வேலை சரி, சம்பளம் சரி. விலாசத்தில் வீட்டு இலக்கமும் ஒழுங்கையும் இருந்தன, அடுத்தது கண்டி. மஹய்யாவ இல்லை. யாரோ அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒரு துண்டில் மூன்று வரி எழுதிக் கடிதத்தோடு குத்திக் கொடுத்தாள். கடிதத்தை வாசித்தேன். மஹய்யாவ என்று இருந்திருக்க வேண்டும். இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா முதலில் கேட்டது, கையெழுத்துப் போட்டாயா என்றுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன், விலாசம் பிழை என்றாள் கஜா. வடிவம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்கு வந்த வேலையை இப்படி உதறுவாளா ஒருத்தி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"புள்ள வாசிச்சுப் பாத்திருக்கு" என்றார் சுந்தரலிங்கம். "நீ சும்மா இரு."

மறுநாள் திருத்திய கடிதம் வந்தது. கஜா அதையும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கிருஷாந் பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை நின்றான்.